நிப்பா நோயின் மூலம் கண்ட மலாயாப் பல்கலைக்கழகம்

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பேராக் மாநிலத்துப் பன்றி வளர்ப்போரிடையே கடும் மூளைக் காய்ச்சல் தோன்றிற்று. கொசுக்களால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சலே இதுவென முதலில் கருதப்பட்டது. கொசு மருந்து அடித்தும், தடுப்பூசி இட்டும் நோய் தணியவில்லை. பன்றிகளைப் பராமரித்த பெரியவர்களையே அது மிகுதியாகத் தாக்கிற்று.

கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா கா பிங் 1999 மார்ச்சில், நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்னும் ஊரின் பெயரே அதற்கு இடப்பட்டது. நம் நாட்டில் 105 பேர் இந்நோய்க்குப் பலியாயினர். 10 லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன.

பழந்தின்னி வௌவால்களே இக்கிருமியின் உறைவிடம் எனப் பின்னர் தெளிவாயிற்று. ஆகவே, வௌவால் கடித்த பழங்களை நாம் உண்ணலாகாது, கால்நடைகளுக்கும் இடலாகாது. காய்ச்சலும் மயக்கமும் கண்டால், நாம் பராமரிக்கும் விலங்குகளைப் பற்றியும் மருத்துவரிடம் மறவாது கூறுவோமாக.