எல்லாருக்கும் பொதுன்னா, காசு யார் கொடுக்கிறது?

உங்க அப்பார்ட்மென்ட் பார்க்கிங்ல இருக்கிற சிசிடிவி கேமரா ரெண்டு மாசமா வேலை செய்யலைன்னு வெச்சுக்குங்க. சரி பண்ண 8,000 ரூபாய். பத்து வீட்டுக்கும் தலா 800. ஆனா, யாரும் அசையலை. காரணம் சிம்பிள்: காசு கொடுக்காதவர் பைக்கை மட்டும் கேமரா பார்க்காம விடப்போறதில்லை. இதைத்தான் பொருளாதாரத்துல 'ஃப்ரீ ரைடர்' பிரச்னைன்னு சொல்றாங்க. நம்ம பாஷையில, ஓசி சவாரி.

பைக் திருடு போகிற வரைக்கும் இது ஒரு பிரச்னையாகவே தெரியாது. இன்டர்நெட்டுக்கும் அதுதான் நடந்தது.

நீங்கள் டைப் செய்யும் பாஸ்வேர்டை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் மென்பொருள்களில் ஒன்று, ஓப்பன்எஸ்எஸ்எல். இலவசம். பெரிய பெரிய கம்பெனிகளெல்லாம் எடுத்துப் பயன்படுத்தின. 2014 ஏப்ரலில் அதில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை இருப்பது வெளியே வந்தது. அதன் வழியாக சர்வரின் மெமரியில் இருக்கும் பாஸ்வேர்டுகளைக்கூட உருவ முடியும். இரண்டு வருடமாக இருந்த ஓட்டை அது!

அதுக்கப்புறம்தான் 'இதை யாருப்பா பார்த்துக்கிறாங்க'ன்னு உலகமே விசாரிச்சது. முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். நன்கொடையாக வந்தது வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர். நல்ல லேப்டாப் ஒண்ணு வாங்கினா தீர்ந்துடும். அதே மாதம் கூகுள், ஃபேஸ்புக், மைக்ரோசாஃப்ட், அமேசான் எல்லாம் வருடத்துக்குத் தலா 1 லட்சம் டாலர் தர முன்வந்தன. அந்தக் காசு முந்தின வருஷமும் அவங்ககிட்ட இருந்ததுதானே?

கஞ்சத்தனம் மட்டுமே காரணம் இல்லை. 'நான் கொடுத்து, மத்தவன் கொடுக்கலைன்னா நான்தானே இளிச்சவாயன்?' என்ற பயம்தான் பாதி. 2009-ல் வந்த கிக்ஸ்டார்ட்டர் தளம் இந்தப் பயத்துக்குத்தான் மருந்து கொடுத்தது. சொன்ன இலக்கைத் தொட்டால்தான் உங்கள் பணத்தை எடுப்பார்கள். இல்லையென்றால் ஒரு பைசா போகாது.

அதனால, அப்பார்ட்மென்ட் குரூப்ல 'யாராவது கேமராவைச் சரி பண்ணுங்க'ன்னு போடாதீங்க. 'பத்து வீடும் ஓகே சொன்னா, நான் இப்பவே 800 ஜிபே பண்றேன்'னு போட்டுப் பாருங்க.

ஒரு தடவைச் செலவுக்கு இது சரி. மாசா மாசம் பராமரிப்புக்கு இந்த டெக்னிக் ஓடாது. தெருவிளக்குக்கு யாரும் உண்டியல் குலுக்காம, வரியாகவே வாங்கிடறது அதனாலதான். கேமராவுக்கும் மெயின்டனன்ஸ் பில்லுல ஒரு வரி சேர்த்துடுங்க.