ஓடத் தொடங்குவோம் – 6: அந்த 20 நிமிடம்

நம் அட்டவணையில் ஐந்தாவது வாரத்தின் மூன்றாம் நாளுக்கு நேராக ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: 20 நிமிடம் ஓட்டம். இடையில் நடை கிடையாது. இந்தத் தொடரைப் படித்துக்கொண்டே கூடவே ஓடியும் வருபவர்கள் கேட்பதில் பெரும்பகுதி அந்த ஒற்றை வரியைப் பற்றித்தான். "அஞ்சு நிமிஷத்துக்கே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது. 20 நிமிஷம் எப்படிங்க ஓடுறது?"

ஓட முடியும். வெறும் ஊக்கத்துக்காகச் சொல்லவில்லை. காரணம் அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது.

நாம் பின்பற்றுவது 'கவுச் டு 5கே' என்று உலகம் முழுக்க அறியப்பட்ட ஒன்பது வாரப் பயிற்சி. ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர் 1996-ல் தன் தாயாரை ஓட வைப்பதற்காக எழுதியது. அந்த அம்மாவுக்கு அப்போது வயது ஐம்பதுக்கு மேல். பிற்பாடு பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். இதையே இலவசச் செயலியாக மக்களுக்குக் கொடுத்தது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு, தொடக்கத்தில் ஐந்து நிமிட வேக நடை. இதுவரை வந்தவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடமாகியிருக்கும்.

நடையைக் கழித்துவிட்டு, ஓடும் நிமிடங்களை மட்டும் கூட்டிப் பாருங்கள். முதல் வாரம் ஒரு நாளைக்கு 8 நிமிடம். இரண்டாம் வாரம் 9. மூன்றாம் வாரமும் 9தான். ஆனால் அதற்குள் மூன்று மூன்று நிமிடமாக இரண்டு நீளமான துண்டுகள் புகுந்துவிடுகின்றன. நான்காம் வாரம் திடீரென்று 16. ஐந்தாம் வாரம் முதல் நாள் 15, இரண்டாம் நாள் 16. அதற்கு அடுத்துத்தான் நாம் பயப்படும் 20. ஆக, உண்மையான பெரிய தாவல் ஐந்தாம் வாரத்தில் இல்லை. நான்காம் வாரத் தொடக்கத்திலேயே அது நடந்து முடிந்துவிட்டது. அதைத் தாண்டி வந்தவருக்கு 16-லிருந்து 20 என்பது நான்கு நிமிடக் கூடுதல். கடினம்தான், நடுவில் மூச்சு வாங்கிக்கொள்ள இடைவெளி இல்லை. ஆனால் கால்களுக்கு அந்த வேலை புதிதல்ல.

கால்வலி என்று சொல்பவர்கள் பெரும்பாலும் நான்காம் வாரத்தில் சொல்வதற்கும் இந்தக் கணக்குதான் காரணம் என்று நினைக்கிறேன். மூச்சும் எலும்பும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே இதயம் ஒரு துடிப்புக்கு முன்பைவிட அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகிவிடும். தசைகளுக்குள் ஆக்சிஜனை எரித்துச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகும். மாடிப்படி ஏறும்போதே வித்தியாசம் தெரியும், உற்சாகம் பிறக்கும். அந்த உற்சாகத்தில்தான் வேகத்தைக் கூட்டத் தோன்றும்.

எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும் அந்த நேரத்தில் தயாராக இருக்காது. நாண்களில் ரத்த ஓட்டம் குறைவு. அவை மெதுவாகத்தான் உறுதிப்படும். எலும்பின் விஷயம் இன்னும் நுட்பமானது. புதிய சுமை வந்ததும் பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்கள் முதலில் வேலையில் இறங்கும். புது எலும்பைக் கட்டும் செல்கள் அதற்குப் பின்னால்தான் வரும். பெயர்ந்த சுவரைச் செப்பனிட வரும் கொத்தனார் முதலில் பழைய காரையைக் கொத்தி எடுப்பதைப் போலத்தான் இது. கொத்தி எடுக்கச் சில வாரம். நிரப்பிக் கெட்டிப்பட மாதக்கணக்கு. இடைப்பட்ட நாட்களில் அந்த இடம் முன்னைவிடச் சற்றுப் பலவீனமாகவே இருக்கும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு விசை ஒற்றைக் காலில் இறங்குகிறது. நிமிடத்துக்கு 160 அடி என்றால் 20 நிமிடத்துக்கு 3,200 அடி. ஓய்வு நாள் சோம்பேறிகளுக்கானது அல்ல. எலும்பு கட்டப்படுவது அந்த நாளில்தான்.

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உட்பக்கம் நீளவாக்கில் பரவலாக வலித்து, உடம்பு சூடானதும் குறைந்தால், இரண்டு மூன்று நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு, சரியான பின் அதே வாரத்தைத் திரும்பச் செய்யலாம். ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலி, ஓட ஓட அது கூடுகிறது, ராத்திரி படுத்திருக்கும்போதும் இருக்கிறது என்றால் அன்றோடு நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் நுண்ணிய விரிசல் விழுந்திருக்கலாம். தொடக்கத்தில் அது எக்ஸ்-ரேயில் தெரியாமலும் போகும். "எக்ஸ்-ரே நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லப்பட்ட பிறகும் வலி நீடித்தால் மறுபடியும் மருத்துவரிடம் போகத் தயங்காதீர்கள். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் நாலு மிட்டாய் இல்லாமல் கிளம்பக் கூடாது.

இனி அந்த 20 நிமிடத்துக்கு வருவோம். இதில் தோற்பவர்களில் பெரும்பாலோர் தூரத்தால் தோற்பதில்லை, வேகத்தால் தோற்கிறார்கள். ஒரு நிமிடத் துண்டு ஓடிய நாட்களில் பழகிய வேகத்தையே 20 நிமிடத்துக்கும் கொண்டுவருகிறார்கள். ஆறாவது நிமிடத்தில் நெஞ்சு அடைக்கிறது. 'நமக்கெல்லாம் இது ஒத்துவராது' என்று வீடு திரும்புகிறார்கள். அந்த நினைப்புதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ஏனென்றால் அவர்கள் உடம்பு தயாராகத்தான் இருந்தது.

எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும்? பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கு. தனியாக ஓடுபவர்கள் தங்கள் வீட்டு முகவரியைக் கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நடுவில் இரண்டு முறைக்கு மேல் மூச்சுக்கு நின்றால் வேகம் அதிகம். வேக நடை போடுகிறவர் உங்களைத் தாண்டிப் போனாலும் போகட்டும்.

மெதுவோட்டத்துக்கு ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் 1960 ரோம் ஒலிம்பிக்கில் உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தவர். அவருடைய மாணவர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். 800 மீட்டர் ஓடுகிறவரையே வாரத்துக்கு 160 கிலோமீட்டர் வரை ஓடவைத்தார் லிடியார்ட், அதில் பெரும்பகுதி சிரமமில்லாத வேகத்தில். வீரர்களுக்குப் பலித்த அதே வழியை ஆக்லாந்தில் நடுத்தர வயதைத் தாண்டிய, இதய நோய் கண்டவர்களுக்கும் பழக்கினார். 1962 கடைசியில் அங்கே போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் போவர்மேன் அவர்களோடு ஒரு நாள் ஓடக் கிளம்பினார். எழுபது வயதைத் தாண்டிய, மூன்று முறை மாரடைப்பு வந்த ஒருவரோடுகூட அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஐம்பதைத் தொட்டிருந்த போவர்மேன் ஊர் திரும்பி ஒரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரத்தில் சாதாரண மக்களைத் திரட்டி ஓட வைத்தார். ஒரு இதய மருத்துவரோடு சேர்ந்து அவர் எழுதிய 'ஜாகிங்' என்ற சிறிய புத்தகம் அமெரிக்காவையே தெருவுக்கு இறக்கியது. மருத்துவர் அனுமதியோடு மெதுவாகத் தொடங்கு, பேசிக்கொண்டே ஓடு என்பதற்கு மேல் அந்த முறையில் ரகசியம் எதுவும் இல்லை.

நம் ஊரில் மெதுவாக ஓட இன்னொரு காரணமும் உண்டு. கடற்கரை நகரங்களில் விடியற்காலைதான் வெயில் இல்லாத நேரம்; ஆனால் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதும் அப்போதுதான். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் அது ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். இதயம் காலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். அதனால் கோயம்புத்தூரில் டிசம்பரில் ஓடுகிற வேகம் மே மாதச் சென்னையில் வராது. வர வேண்டியதும் இல்லை. புழுக்கத்துக்கு உடம்பு பழகப் பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். அதுவரை கடிகாரத்தைப் பார்க்காமல் மூச்சைக் கவனியுங்கள். மெரினாவில் ஓடுபவர்கள் மணலை விட்டுவிட்டு நடைபாதையிலேயே ஓடுங்கள். இளமணல் குதிகால் நாணை இழுத்துவிடும்.

பெண்களின் கேள்வி பெரும்பாலும் வேறு: எங்கே ஓடுவது? தெருவிளக்கு எரியாத சந்து, விரட்டும் நாய்கள், முறைத்துப் பார்க்கும் கண்கள். இவை மூச்சிரைப்பைவிடப் பெரிய தடைகள். இதற்கு அவர்களைத் துணிச்சலாக இருக்கச் சொல்வது பதிலாகாது. விளக்கு போட வேண்டியது மாநகராட்சி. பள்ளி மைதானங்களைக் காலையில் ஒரு மணி நேரம் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டால் எத்தனையோ அம்மாக்கள் ஓடுவார்கள். அது நடக்கும்வரை, தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதை போல நடப்பவர்கள் நிறைந்த இடம் நல்லது. அங்கே ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். இரண்டு சுற்று வந்தால் நாம் தேடும் 5 கிலோமீட்டர்.

முயன்றும் 20 நிமிடம் வரவில்லை என்றால் அந்த வாரத்தை மறுபடி செய்யுங்கள். ஒன்பது வாரம் பன்னிரண்டாவதால் எந்த நஷ்டமும் இல்லை. அதே சமயம், மெதுவாகக் கூட்டினால் காயமே வராது என்றும் நம்பிவிட வேண்டாம். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் 532 புதியவர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 8 வாரப் பயிற்சியும் இன்னொன்றுக்கு வாரம் பத்து சதவீதம் மட்டும் கூட்டும் 13 வாரப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் வெளியான முடிவில் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் காயம், வித்தியாசமே இல்லை. அட்டவணை எவ்வளவு நல்லதானாலும் உங்கள் கணுக்காலில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் பத்து அடியைக் கவனியுங்கள். அங்கே குத்தும் வலி இருந்தால் அன்று நடை மட்டும்.

20 நிமிடம் ஓடி முடித்தவர்களுக்கு ஆறாம் வாரம் ஒரு ஆச்சரியம் வைத்திருக்கிறது. முதல் நாள் 5, 8, 5 என்று மறுபடியும் துண்டுகள், நடுவே நடை. பின்னோக்கிப் போகிறோமோ என்று பதற வேண்டாம், அதைத் தாவியும் ஓட வேண்டாம். ஒரு ஏற்றத்துக்குப் பிறகு காலுக்குக் கொடுக்கும் இளைப்பாறல் அது. மூன்றாம் நாள் 25 நிமிடம் காத்திருக்கும். பிறகு 28, கடைசியில் 30.

அந்த 30 நிமிடத்தில் 5 கிலோமீட்டர் வந்தே தீர வேண்டும் என்றில்லை. அதற்குக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்ற வேகம் வேண்டும். புதியவர்களில் பலருக்கு 8 நிமிடம் ஆகும், நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். வேகத்தைக் கூட்டாதீர்கள். வாரம் ஐந்து நிமிடம் நேரத்தைக் கூட்டுங்கள். 40 நிமிடத்தில் 5 கிலோமீட்டர் தானாக வந்துவிடும்.

அதே வழியில் மேலே போனால் 10 கிலோமீட்டர். மூன்று நாளில் இரண்டு நாள் 30 நிமிடத்திலேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை மட்டும் நீட்டுங்கள். நான்கு வாரத்துக்கு ஒரு முறை அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்க வீரர் ஜெஃப் காலவே, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியபோது ஓட்டத்தின் நடுவே திட்டமிட்டு நடக்கச் சொன்னார். களைத்த பின் நடப்பதல்ல, களைக்கும் முன்பே நடப்பது. பத்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று வைத்துக்கொண்டால் 50, 60 நிமிடம் எட்டாத தூரமல்ல.

40 நிமிடத்தைத் தாண்டும்போது தண்ணீரும் உப்பும் பிரச்சினையாகும். எவ்வளவு குடிப்பது, நீர்மோர் போதுமா, அதிகமாகக் குடிப்பதில் என்ன ஆபத்து என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)