டிக் ஹாய்ட் (1940–2021), ரிக் ஹாய்ட் (1962–2023)

பாஸ்டன் மாரத்தான் புறப்படும் இந்த ஹாப்கின்டனில், சக்கர நாற்காலியைத் தள்ளியபடி வெண்கலமாய் நிற்பவர் டிக். அமெரிக்க ஏர் நேஷனல் கார்டில் லெப்டினன்ட் கர்னலாக ஓய்வுபெற்றவர். அமர்ந்திருப்பவர் மகன் ரிக். பிறப்பின்போது தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றிக்கொண்டதால் மூளைவாதம். நடக்கவோ பேசவோ இயலாது. தலையசைத்து எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கும் கணினி கிடைத்ததும் ரிக் சொன்ன முதல் சொற்கள் ‘கோ, புரூயின்ஸ்!’. ‘அம்மா’வா ‘அப்பா’வா என்று காத்திருந்த பெற்றோருக்குக் கிடைத்தது ஐஸ் ஹாக்கி அணிக்கான வாழ்த்து!

1977இல், விபத்தில் முடங்கிய ஒரு மாணவருக்கு நிதி திரட்டும் ஐந்து மைல் ஓட்டத்தில் தானும் பங்கேற்க வேண்டும் என்றார் ரிக். ஓடிப் பழக்கமில்லாத அப்பா தள்ளிக்கொண்டு ஓடினார். கடைசிக்கு முந்தைய இடம். ஓடும்போது ஊனம் இருப்பதே தெரியவில்லை என்று மகன் கணினியில் சொன்னபின் டிக் ஓட்டத்தை விடவில்லை.

அதன்பின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட போட்டிகள். டிரையத்லான்களில் ரிக் படுத்திருக்கும் ரப்பர் படகைத் தன் உடலோடு கயிற்றால் பிணைத்து இழுத்தபடியே டிக் நீந்துவார். சைக்கிளில் மகனுக்கு முன்னிருக்கை. மாற்றுத்திறனாளிகளுக்காக இருவர் பெயரிலும் அறக்கட்டளை தொடங்கப்பட்டது.

2013இல் இச்சிலை திறக்கப்பட்டபோதும் இருவரும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். சேர்ந்து ஓடிய கடைசி பாஸ்டன் மாரத்தான் 2014இல். அப்போது டிக்குக்கு வயது 73.