சலவைத் தொழிலாளியின் மகள் ஓவியர் ஆன கதை

அசையாமல் நிற்பது ஒரு வேலையா என்று நீங்கள் கேட்கலாம். விடியுமுன் எழுந்து மரம் மரமாகப் பால் வெட்டியவர்களுக்கும், செம்பனைக் குலை தூக்கித் தோள் காய்த்தவர்களுக்கும் அந்தக் கேள்வி எழுவது நியாயமே. ஆனால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கி, தலையைச் சற்றே திருப்பி, இருபது நிமிடம் அப்படியே நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் தோள் கடுக்கும். பிறகு விரல்கள் மரத்துப் போகும். அதற்கப்புறமும் அசையாமல் நிற்பதற்குத்தான் கூலி!

ஓவியர்கள் பார்த்து வரைவதற்காக இப்படி நிற்பவர்களை 'மாடல்' என்பார்கள். ஓவியக் கல்லூரிகளில் இன்றும் இந்தத் தொழில் உண்டு. முதலில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று சின்னச் சின்ன நிலைகள். பிறகு இருபது நிமிடம், அதற்கு மேலும். இடையில் ஓய்வு கொடுப்பார்கள். திரும்பி வந்து பழைய இடத்திலேயே நிற்பதற்காகக் காலடியைச் சுற்றித் தரையில் அடையாளம் போட்டு வைப்பார்கள். கூலி பெரும்பாலும் மணிக்கணக்கில்தான். படம் விற்று மட்டும் வயிறு வளர்க்க முடியாத ஓவியர்களில் சிலர், ஒரு நாள் மாடலாக நின்று, மறுநாள் கல்யாண வீட்டில் புகைப்படம் எடுத்து, மீதிப் பொழுதில் தங்கள் படத்தை வரைகிறார்கள்.

சில வகுப்புகளில் உடையின்றியும் நிற்பதுண்டு. முகம் சுளிக்காதீர்கள். எலும்பு எங்கே வளைகிறது, தசை எங்கே இறுகுகிறது என்று தெரியாமல் மனிதனை வரைய முடியாது. மருத்துவ மாணவர் உடலைப் படிப்பது போலத்தான் இதுவும். ஆனாலும் ஊர் வாய் சும்மா இருக்குமா? இந்தத் தொழிலைச் செய்த பெண்களை உலகம் மட்டமாகத்தான் பேசியது. அப்படிப் பேசப்பட்ட ஒருவரின் கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

1865ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் ஒரு சிற்றூரில் மரி கிளமென்டின் வாலடோன் பிறந்தாள். தாய் துணி வெளுத்துப் பிழைத்தவர். தகப்பன் இன்னாரென்று சொல்ல ஆள் இல்லை. மகளோடு பாரிசுக்கு வந்த தாய், மோன்மார்த்ர் என்னும் குன்றுப் பகுதியில் குடியேறினார். வாடகை மலிவு என்பதால் ஏழைகளும் ஓவியர்களும் அங்கே அடுத்தடுத்து வசித்தார்கள். பள்ளிக்குப் போக வேண்டிய வயதிலேயே சிறுமி வேலைக்குப் போனாள். தொப்பி தைக்கும் கூடம், மலர் வளையம் கட்டும் பட்டறை, காய்கறி விற்பனை என்று எத்தனையோ வேலை! பதினைந்து வயதில் சர்க்கசில் சேர்ந்தாள். உயரத்திலிருந்து விழுந்து அடிபட்டதும் அந்தப் பிழைப்பும் போயிற்று.

பிறகுதான் மாடலாக நிற்கப் போனார். சுமார் பத்தாண்டுக் காலம் அதுவே அவர் பிழைப்பு. புவி த ஷவான், ரெனுவார், துலூஸ் லோத்ரெக் போன்ற புகழ்பெற்றவர்கள் அவரை வரைந்தார்கள். 1883இல் ரெனுவார் தீட்டிய 'நகரத்தில் நடனம்' என்ற ஓவியத்தில் வெள்ளைப் பட்டுடுத்தி ஆடுபவர் இவர்தான். பார்த்தால் சீமாட்டி என்றே தோன்றும். உண்மையில் அவர் அன்றாடங்காய்ச்சி!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவரும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு எங்கே தொடங்குகிறது, வண்ணம் எப்படிக் குழைக்கப்படுகிறது, தப்பானதை எப்படித் திருத்துகிறார்கள் என்று நின்ற இடத்திலிருந்தே கற்றார். அரசாங்க ஓவியப் பள்ளி அந்த நாளில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1897இல்தான் கதவைத் திறந்தது. இவரோ எந்த ஓவியப் பள்ளியிலும் படித்தவர் அல்லர். கூலிக்கு நின்ற இடமே அவருக்குப் பள்ளிக்கூடம்.

அவர் வரைந்தவற்றைக் கண்ட பெரிய ஓவியர் டெகா அசந்து போனார். படங்களை விலை கொடுத்து வாங்கினார். உலோகத் தகட்டில் படம் பொறித்து அச்செடுக்கும் முறையையும் கற்றுக் கொடுத்தார். 1894இல் பாரிசின் பெரிய கண்காட்சி ஒன்றில் அவருடைய ஓவியங்கள் இடம்பெற்றன. சூசான் வாலடோன் என்பது அதற்குள் அவருக்கு நிலைத்துவிட்ட பெயர்.

அவர் வரைந்த பெண்களைப் பாருங்கள். பட்டும் பவுடரும் அங்கே இல்லை. குளித்துவிட்டுத் துவட்டும் பெண், களைத்துச் சாய்ந்த பெண், மடிப்பு விழுந்த வயிறு! 1923இல் தீட்டிய 'நீல அறை'யில் ஒரு கனத்த உடம்புக்காரி, கோடு போட்ட காற்சட்டையோடு கட்டிலில் சாய்ந்து ஓய்வெடுக்கிறாள். யாருக்காகவும் அவள் சிரிக்கவில்லை. நின்று நின்று கால் கடுத்தவருக்குத்தானே ஓய்வின் அருமை தெரியும்?

துன்பமும் அவரை விடவில்லை. பதினெட்டு வயதில் பெற்ற மகன் மொரிஸ் உத்ரில்லோ இளமையிலேயே குடிக்கு அடிமையானான். தாயே அவன் கையில் தூரிகையைக் கொடுத்துப் பழக்கினார். குடி முற்றாக விடவில்லை. ஆனால் மோன்மார்த்ர் தெருக்களை வரைந்து அவனும் பேரெடுத்தான். 1938இல் வாலடோன் காலமானார். அவர் வாழ்ந்து வரைந்த வீடு இன்று காட்சியகமாக இருக்கிறது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் தெரியுமா? சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு சிறுமி கணக்கு நோட்டில் படம் வரைந்திருந்தாள். அவள் அம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு குனிந்து பால் வெட்டும் படம். இடுப்பு வளைந்த விதம் அப்படியே இருந்தது. நான் என்ன செய்தேன்? அந்தத் தாளைக் கிழித்துப் போட்டு, "கணக்கைப் போடு" என்றேன். அவள் அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் முன்னால் அவள் எதையும் வரையவே இல்லை. வாலடோன் கதையைப் படித்த அன்று எனக்கு அந்தத் தாள்தான் நினைவுக்கு வந்தது.

"படம் கீறினா சோறு கிடைக்குமா, வாத்தியாரே?" என்று கேட்கும் பெற்றோருக்குப் பதில் சொல்கிறேன். எல்லாருக்கும் கிடைக்காது. வாலடோனும் முதலில் கூலிக்கு நின்றுதான் சாப்பிட்டார். கணக்கும் வேண்டும், தொழிலும் வேண்டும். ஆனால் பிள்ளை கூர்ந்து பார்க்கப் பழகிவிட்டால் அது எந்தத் தொழிலுக்கும் உதவும்.

ஆகவே கடையில் கொடுத்த காலண்டரின் பழைய தாளை எறியாதீர்கள். அதன் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். ஒரு பென்சிலையும் சேர்த்துப் பிள்ளையிடம் கொடுங்கள். வேலை முடிந்து வாசலில் உட்காரும்போது பத்து நிமிடம் அசையாமல் இருந்து, "என்னை வரை, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். படம் கோணலாக வந்தாலும் கிழித்துவிடாதீர்கள்.