முழம் போடும் கைக்கு வட்டிக் கணக்கு வராதா?

மயிலாப்பூரில் நான் வழக்கமாகப் பூ வாங்கும் அக்காவிடம் ஒருவர் மூன்றரை முழம் மல்லி வாங்கி, 500 ரூபாய்த் தாளை நீட்டினார். முழம் 40 ரூபாய். அக்கா யோசிக்கவே இல்லை; மீதி 360 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்த சரத்தைக் கட்டத் தொடங்கினார். அதே அக்காதான் தண்டல் அட்டையை என்னிடம் காட்டி, "எனக்கு இந்தக் கணக்கெல்லாம் வராதும்மா. அவங்க சொல்றத கட்டிடுவேன்" என்றார்.

தண்டலில் 10,000 ரூபாய் கேட்டால் கைக்கு வருவது 9,000. தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "பத்து பர்சென்ட்தான்" என்பார்கள்.

பூக்கூடை ஓரத்திலேயே கணக்குப் போட்டோம். வாங்கிய 9,000 நூறு நாளும் அக்காவிடம் இருக்கவில்லை. 50ஆம் நாளே 5,000 கட்டியாகிவிடுகிறது. சராசரியாக அவர் கையில் நின்ற கடன் சுமார் 4,500. அதற்கு 100 நாள் வட்டி 1,000 ரூபாய் என்றால் 22 சதவீதம். 365 நாளுக்குப் பெருக்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 80 சதவீதம்! அக்கா பூ கட்டுவதை நிறுத்திவிட்டு அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படித்தவர்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறோம். ஒரு லட்சம் ரூபாயை ஓராண்டுத் தவணையில் 12 சதவீத 'ஃபிளாட்' வட்டிக்கு வாங்கினால், வட்டி 12,000. அதே 12 சதவீதம் குறையும் அசலுக்கு என்றால் சுமார் 6,600தான். வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து ஒதுக்கிய கணக்கு, இன்றும் நம்மைக் கேள்வி கேட்கவிடாமல் கையெழுத்துப் போட வைக்கிறது.

வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ கடன் வாங்கினால், கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தை முக்கிய விவரத் தாளில் காட்ட வேண்டும். தனிநபர் கடன்களுக்கு 2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். தண்டலில் அந்தத் தாள் கிடைக்காது. அங்கே மூன்று கேள்விகள் போதும்: கைக்கு எவ்வளவு வரும்? மொத்தம் எவ்வளவு கட்டணும்? எத்தனை நாளில்?

போன வாரம் மகளிர் குழுவில் கடன் பேச்சு எழுந்ததாம். "கைக்கு எவ்ளோ வரும்னு முதல்ல சொல்லுங்க" என்று கேட்டாராம் அக்கா.