முட்டிக்குக் கீழே நான்கு விரல்

உட்கார்ந்து முட்டியை மடக்கினால், சில்லுக்குக் கீழே வெளிப்பக்கமாக ஒரு குழி தட்டுப்படும். அங்கிருந்து நான்கு விரற்கடை இறங்கி, முன்கால் எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை வெளியே தள்ளி அழுத்திப் பாருங்கள். மந்தமான ஒரு வலி பரவும். பாதத்தைத் தூக்கினால் அந்த இடத்தில் தசை புடைக்கும். சீன அக்குபங்சரில் இதுதான் 'சூ சான் லி'. ராஜகுளம், உத்திரமேரூர்ப் பக்கம் நடவிலும் களையெடுப்பிலும் குனிந்தும் குந்தியும் உழைத்துத் தேய்ந்த முட்டிகளுக்கு இந்தப் புள்ளி உதவுமா? வலியைக் கொஞ்சம் தணிக்கலாம், தேய்ந்த மூட்டை மீட்காது என்றே சான்றுகள் காட்டுகின்றன.

ஜெர்மனியில் முட்டித் தேய்மானம் உள்ள ஆயிரம் பேருக்கும் மேல் கலந்துகொண்ட, 2006இல் வெளியான ஆய்வில், முறையான புள்ளிகளில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு 53 பேர் நல்ல முன்னேற்றம் கண்டார்கள். புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 51 பேர். மாத்திரை, மருத்துவர் சந்திப்பு என்று வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 29 பேர்தான். "போலி ஊசியும் ஊசிதானே, அதுவும் நரம்பைத் தூண்டாதா?" என்று அக்குபங்சர் தரப்பில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அப்படியானால் பலன் தருவது குறிப்பிட்ட அந்தப் புள்ளிதான் என்ற வாதம் நிற்காது. இடம் முக்கியம் என்பதற்கும் ஒரு சான்று உண்டு: எலிகளின் பின்னங்காலில் இந்தப் புள்ளிக்கு மின்தூண்டல் கொடுத்தபோது உடலின் அழற்சி குறைந்தது, வயிற்றுப் புள்ளியில் கொடுத்தபோது குறையவில்லை என்று 2021இல் 'நேச்சர்' இதழ் வெளியிட்டது. அது எலியில், மின்சாரத்தால் நடந்தது. நம் ஊர்களில் விரலால் தொட்டே செய்யும் சிகிச்சைக்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது.

வலி குறைந்தால் போதாதா என்றால், குறைவது பெரிய விஷயம்தான். இரவில் தூக்கம் வரும், நாலு அடி கூடுதலாக நடக்க முடியும். அந்த இடைவெளியைத் தொடைத் தசையை வலுவாக்கப் பயன்படுத்த வேண்டும். மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது, தேய்ந்தால் தானாக வளர்வது அரிது. முட்டியின் பாரத்தைத் தாங்கிக்கொள்வது அந்தத் தசைதான். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து நொடி நிறுத்தி இறக்குங்கள், காலுக்குப் பத்து முறை. ஊசி போட்டுக்கொள்வதென்றால் புது ஊசியை உறை பிரிப்பதைக் கண்ணால் பாருங்கள். முட்டி வீங்கிச் சிவந்து சுட்டாலோ, காலையில் மூட்டுகளின் விறைப்பு ஒரு மணி நேரம் தாண்டியும் விடாவிட்டாலோ புள்ளியைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது முடக்குவாதமாக இருந்து மருந்து தாமதமானால் மூட்டே சிதையும். நடக்கவே முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார்.