லாபம் எங்கே போனது? உழவர் நிறுவனத்தின் விதைநெல் கணக்கு

‘‘சார், கம்பெனிக்கு நாலு லட்சம் லாபம்னு நோட்டீஸ்ல போட்டிருக்காங்க. என் கைக்கு வந்தது நூறு ரூபா. மீதியை யார் சாப்பிட்டாங்க?’’

பூந்தமல்லியைத் தாண்டி, நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையோர டீக்கடையில் ஒரு பெரியவர் என்னை மடக்கிக் கேட்ட கேள்வி இது. கத்தரியும் கீரையும் போட்டு வந்தவர். நிலம் மனையாகிவிட்டது. இனி சாகுபடி இல்லை என்பதால், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் போட்ட பங்கை லாபத்தோடு வாங்கிக்கொண்டு விலக நினைக்கிறார். இதே சந்தேகம் பல உறுப்பினர்களுக்கும் இருப்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

மீதி எங்கே இருக்கிறது?

கணக்கு எளிதாக இருக்க ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 500 உறுப்பினர்கள், ஆளுக்கு 1,000 ரூபாய் பங்கு. ஆக, மூலதனம் 5 லட்சம். வரி போக இந்த ஆண்டு லாபம் 4 லட்சம். இதில் பங்குத் தொகைக்கு 10 சதவிகிதம் என்று 50,000 ரூபாய் போகிறது. விளைபொருள் கொடுத்தவர்களுக்கு, கொடுத்த அளவுக்கு ஏற்ப 1,50,000 ரூபாய் போகிறது. மிச்சம் 2 லட்சம் நிறுவனத்திலேயே தங்குகிறது. இதுதான் தக்கவைத்த லாபம். போன ஆண்டுகளில் சேர்ந்தது 3 லட்சம் என்றால், இப்போது 5 லட்சம்.

களத்து நெல்லில் விதைக்கென்று கொஞ்சம் எடுத்து வைப்போமே, அதுபோலத்தான். யாரும் சாப்பிடவில்லை. ஆனால், அந்தப் பணம் வங்கியில் ரொக்கமாகவே இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். எடைமேடையாக, உரமூட்டையாக, வியாபாரி தர வேண்டிய பாக்கியாகக்கூட இருக்கலாம்.

எம்.ஆர்.எஃப் கணக்கு வேறு

பெரியவரின் மகன் பங்குச்சந்தை பார்ப்பவர். ‘‘லாபத்தை உள்ளேயே வெச்சா பங்கு விலை ஏறும்ப்பா’’ என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். சந்தையில் விற்கப்படும் பங்குகளுக்கு அது ஓரளவு சரி. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2023-24-ல் லாபம் 2,000 கோடி ரூபாய்க்கு மேல். பங்குக்கு 200 ரூபாய் டிவிடெண்ட். சுமார் 42.4 லட்சம் பங்குகளுக்கு அது ஏறக்குறைய 85 கோடிதான். மற்றதெல்லாம் நிறுவனத்திலேயே நின்றது. இப்படிப் பல ஆண்டுகள் லாபத்தைத் தொழிலிலேயே போட்டு வளர்ந்த அந்த நிறுவனத்தின் 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கு, 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்தப் பங்கை வாங்குங்கள் என்று சொல்லவில்லை. தக்கவைத்த பணத்தை வீணடித்து, விலை சரிந்த நிறுவனங்களும் உண்டு.

உழவர் நிறுவனப் பங்கு சந்தைக்கே வராது. இயக்குநர் குழுவின் ஒப்புதலோடு, நிறுவனத்தோடு வியாபாரத் தொடர்பில் உள்ள இன்னொரு உறுப்பினருக்கு, முகமதிப்புக்குத்தான் மாற்ற முடியும். நம் கணக்கில் மூலதனமும் சேமிப்பும் சேர்த்தால், ஒரு பங்கின் ஏட்டு மதிப்பு 2,000 ரூபாய். ஆனால், மாற்றிவிடும்போது கிடைப்பது 1,000 ரூபாய்தான். பெரியவருக்குக் கசந்தது இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

உழவர் நிறுவனங்களுக்கான சட்டப்பிரிவு 2003-ல் நடைமுறைக்கு வந்தது. இப்போது 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தில் இருக்கிறது. அதன்படி, ஒவ்வோர் ஆண்டும் பொதுச்சேமிப்பு வைத்தே ஆக வேண்டும். பங்குத் தொகைக்கு வரம்புக்குட்பட்ட வருவாய்தான் தரலாம். மிச்சத்தை, விளைபொருள் கொடுத்த அளவுக்கேற்ப போனஸாகத் தரலாம். பெரியவர் இந்த ஆண்டு எதுவும் கொடுக்கவில்லை. அதனால்தான் நூறு ரூபாயோடு நின்றது.

சேமிப்பு உறுப்பினர் பெயருக்கு வர ஒரு வழி உண்டு. குழு பரிந்துரைத்து, பொதுக்குழு தீர்மானித்தால், சேமிப்பிலிருந்து போனஸ் பங்கு கொடுக்கலாம். 5 லட்சத்தையும் அப்படி மாற்றினால், ஒரு பங்கு வைத்திருப்பவருக்கு இன்னொன்று கிடைக்கும். சாகுபடியை விட்டவரிடம் பங்கைத் திரும்பப் பெறும்போது, முகமதிப்போ குழு நிர்ணயிக்கும் வேறு மதிப்போ தரலாம் என்றும் சட்டம் இடம் தருகிறது. ‘‘வாயால கேட்காதீங்க ஐயா, எழுதிக் கொடுங்க’’ என்றேன்.

பொதுக்குழுவில் கேளுங்கள்

பொதுக்குழுவுக்கு 14 நாள்கள் முன்பே அறிவிப்பும் தணிக்கை செய்த கணக்கும் உங்களுக்கு வர வேண்டும். கையில் வைத்துக்கொண்டு இவற்றைக் கேளுங்கள்.

* போன ஆண்டு சேமிப்பு எவ்வளவு, இந்த ஆண்டு சேர்ந்தது எவ்வளவு?
* அது ரொக்கமா, பொருளா, வராத பாக்கியா?
* அதை வைத்து நமக்கு விலையோ, இடுபொருள் செலவோ எவ்வளவு மிச்சமாகிறது?
* பிரிக்காமல் வைக்கிறீர்கள் என்றால், எதற்காக, எப்போது செலவு?

நான்காவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், பணத்தைப் பிரிக்கச் சொல்வதில் நியாயம் உண்டு. பதில் இருந்தால், பொறுத்திருப்பதுதான் லாபம். விதைநெல்லையும் சேர்த்துப் பொங்கிவிட்டால் அடுத்த போகத்துக்கு வியாபாரியிடம்தான் கை நீட்ட வேண்டும்.

தனிப்பட்ட விவசாயிகள் உறுப்பினராக உள்ள நிறுவனத்தில், ஒரு பங்கு வைத்திருந்தாலும் நூறு பங்கு வைத்திருந்தாலும் ஒரு ஓட்டுதான். பெரியவர் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். ‘‘முடிவு எதுவானாலும் இந்தக் கூட்டத்துக்குப் போய் உட்காரப்போறேன் சார். இத்தனை வருஷம் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பிட்டேன்’’ என்றார். நீங்களும் போய் உட்காருங்கள்.